அடங்கலில் அடங்காதவர்

துறை மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று மாணவர்கள் கேட்டபோது, மருதத்திணையைப் பற்றி எழுதித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். வயலும் வயல் சார்ந்த இடமும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவருபவனுக்கு அதைப்பற்றி நான்கு பக்கம் எழுதுவது அரிய செயலன்று. ஆனால் எழுத உட்கார்ந்தபோது நூல்களில் உள்ள வயல் நினைவிற்கு வரவில்லை. என் பெயரில் பட்டா உள்ள வயல்தான் வந்தது. அதனுடன் 16,395 ரூபாய்க்கான கணக்கு ஒன்றும் வந்தது. அந்தக் கணக்கை மறைத்துவிட்டு மருதத்தின் வளத்தை வருணிக்க மனம் ஒப்பவில்லை. ஆகவே இஃது ஆய்வுக் கட்டுரையன்று. நிலம் உடையவன் ஒருவன், நிலத்தில் உழைப்பவர் ஒருவரைப் பற்றி எழுதும் வாக்குமூலம் என்று கொள்ளலாம்.

சொல்லும் பொருளும்

கிராம நிர்வாக அலுவலர் பேணும் கணக்குகளுள் இரண்டாம் எண் கணக்கிற்கு அடங்கல் என்று பெயர். எந்தப் புல எண்ணில், எந்தப் பருவத்தில், என்ன பயிர், எவ்வளவு பரப்பில் சாகுபடியாயிற்று என்பதை அது காட்டும். பத்தாம் எண் கணக்கு சிட்டா. நிலம் யாருக்கு உரியது என்பதை அது காட்டும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டாலும், பயிருக்குக் காப்பீடு செய்யப் போனாலும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடப் போனாலும், முதலில் கேட்கப்படுபவை இவ்விரண்டு தாள்களே.

தமிழாசிரியன் என்ற முறையில் வருவாய்த் துறைச் சொற்கள்மீது எனக்குத் தனிப்பற்று உண்டு. பசலி என்பது, பருவம் எனப் பொருள்படும் அறபுச் சொல்லின் வழிவந்தது. ஜூலை முதல் நாள் தொடங்கி அடுத்த ஆண்டு ஜூன் 30ஆம் நாள் முடியும் கணக்காண்டு அது. ஜமாபந்தி, தாசில், வசூல், மிராசு, ரயத்து ஆகியனவும் அறபு, பாரசீக மொழிகளின் வழியே நம் ஊர்க் கணக்குகளுக்குள் புகுந்தவை. மிராசு என்பதன் அடிச்சொல்லுக்கு மரபுரிமை என்று பொருள். இத்தனை பிறமொழிச் சொற்களுக்கு நடுவே அடங்கல் என்பது நல்ல தமிழ்ச்சொல். முழுவதும் உள்ளடங்கியது என்பது அதன் பொருள். மூவர் தேவாரத் தொகுப்பை அடங்கன்முறை என்று வழங்குவதை மாணவர்கள் அறிவர்.

எல்லாம் அடங்கியது என்று பெயர் தாங்கிய அந்தக் கணக்கில், எங்கள் வயலைப் பொறுத்தவரை, உழுதவரின் பெயர் மட்டும் நெடுங்காலம் அடங்கவில்லை. அதற்கு நானும் காரணமாக இருந்தேன்.

ஒன்பது மா நிலம்

எங்கள் நிலம் ஒன்பது மா. தஞ்சைத் தரணியில் இன்றும் முதியவர்கள் நிலத்தை ஏக்கரில் சொல்வதில்லை. மூன்று மா ஓர் ஏக்கர் என்றும், இருபது மா ஒரு வேலி என்றும் கணக்கு. ஆகவே ஒன்பது மா என்பது மூன்று ஏக்கர். நீடாமங்கலத்திற்கு அருகே மூணாற்றுத் தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பாமணியாறும் கோரையாறும் பிரிகின்றன. அந்தக் கோரையாற்றின் வாய்க்கால் ஒன்றிலிருந்து எங்கள் வயலுக்குத் தண்ணீர் வருகிறது.

என் பாட்டனார் பினாங்கில் கடை வைத்துப் பொருளீட்டி, ஊர் திரும்பியதும் அந்நிலத்தை வாங்கினார். வாங்கிய நாள் முதலாக எங்கள் குடும்பத்தார் ஒருவரும் அதில் ஏர் பிடித்ததில்லை. வாங்கிய ஆண்டே அடுத்த தெருக்காரர் ஒருவரிடம் குத்தகைக்கு விட்டார் பாட்டனார். எழுத்து எதுவும் இல்லை. அறுவடை முடிந்ததும் மாவுக்கு இவ்வளவு நெல் என்று வாய்மொழிப் பேச்சுத்தான். அவருக்குப் பின் அவர் மகன் பயிர் செய்தார். அம்மகனைத்தான் நான் சிறுவயது முதல் அண்ணன் என்று அழைத்துவருகிறேன். அவர் என் பாட்டனாரைப் பெரிய ராவுத்தர் என்பார். அத்தாவை ராவுத்தர் என்பார். என்னைத் தம்பி என்பார்.

அத்தா சொன்ன செய்தி ஒன்று இவ்விடத்தில் குறிக்கத்தக்கது. 1960இல் நடுவணரசு தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்திற்கு முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. பேக்கேஜ் திட்டம் என்பதே ஊரார் வழக்கு. நல்விதை, உரம், பூச்சிமருந்து, கடன், ஆலோசனை அனைத்தையும் ஒருசேரத் தருவது அதன் நோக்கம். சில ஆண்டுகளில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகியகால நெல் வந்தது. அதிகாரிகள் மிதிவண்டியில் வந்து, வரப்பில் நின்று, வரிசை நடவு எவ்வாறு என்று விளக்குவார்களாம். சேற்றில் நின்று அதைக் கேட்டுக்கொண்டவர் அண்ணனின் தகப்பனார். கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் என் பாட்டனார். அறிவுரை ஒருவருக்கும் ஆவணம் மற்றொருவருக்குமாக அன்றே பிரிந்துவிட்டது. இதை அத்தா சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்கும் அப்போது அது வேடிக்கையாகவே பட்டது.

2009இல் அத்தா காலமானார். பட்டா என் பெயருக்கு மாறிற்று. எம்ஃபில் பட்டம் பெற்றுக் கல்லூரிப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பெருநாளைக்கு ஊர் செல்லும்போது வரப்பில் நின்று பார்ப்பதோடு என் வேளாண்மை முடிந்துவிடும்.

ஒரு கையெழுத்து

2016ஆம் ஆண்டு ஜூன் 12 வந்தது. மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. குறுவை இல்லாமற் போயிற்று. செப்டம்பர் மாதத்தில்தான் சம்பாவிற்குத் தண்ணீர் விடப்பட்டது. நாற்றங்காலுக்கு நேரமில்லை என்று அண்ணன் நேரடி விதைப்புச் செய்தார். வடகிழக்குப் பருவமழை காப்பாற்றும் என்று ஊரே நம்பியிருந்தது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் அப்பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைவாகப் பெய்தது.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் நகரத்திலிருந்த என் வீட்டிற்கு வந்தார். அவர் என் வீடு தேடி வந்தது அதுவே முதல் முறை. தேநீரைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகுதான் தொடங்கினார்.

"தம்பி, ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாப் போதும். சாகுபடி நான்தான் பண்றேன்னு எழுதிக் கொடுத்தீங்கன்னா, அடங்கல்ல நம்ம பேரப் போட்டுக் குடுக்கறேன்னு வி.ஏ.ஓ. சொல்றாரு. இன்சூரன்ஸ் கட்டிரலாம். இந்த வருசம் பயிரு கரை சேராது போலிருக்கு."

புதிய பயிர்க் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டு அது. சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை விழுக்காடு உழவர் செலுத்தினால் போதும். எஞ்சிய கட்டணத்தை நடுவணரசும் மாநில அரசும் ஏற்கும். குத்தகைச் சாகுபடியாளரும் சேரலாம் என்று விதியில் இடமுண்டு. ஆனால் சாகுபடியாளர் என்பதற்குச் சான்று வேண்டும். அந்தச் சான்று நான் இடும் கையெழுத்தில் இருந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசித்தேன் என்பதைவிட அஞ்சினேன் என்பதே உண்மை. சிறிய தந்தையாரிடம் கேட்டேன். "பெயர் ஏறிவிட்டால் நிலம் உனக்கில்லை. விற்கப் போனால் பாதி விலைக்குக்கூட எவனும் வாங்கமாட்டான்" என்றார். மகளின் படிப்புக்காக அந்நிலத்தை என்றேனும் விற்க நேரலாம் என்ற எண்ணம் எனக்கு உண்டு. இரு வாரம் தொலைபேசியில் ஏதேதோ சொல்லித் தள்ளினேன். காப்பீட்டிற்குரிய கெடு முடிந்தது. அண்ணன் அதன்பின் அப்பேச்சை எடுக்கவேயில்லை.

பயிர் கருகியது. 2017 ஜனவரி 10ஆம் நாள் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டார்கள், அனுப்பினேன். சில வாரங்களில் என் கணக்கில் 16,395 ரூபாய் வந்து சேர்ந்தது. நான் விதைக்காத விதைக்கு, நான் கட்டாத உரக்கடனுக்கு, நான் பார்த்திராத கருகலுக்கு அரசு எனக்கு ஈடு அளித்திருந்தது.

அந்த ஆண்டுக் குத்தகை வேண்டாம் என்று முன்னரே சொல்லியிருந்தேன். ஒரு மணி நெல்கூட வீடு வராத ஆண்டில் குத்தகையைத் தள்ளுபடி செய்ததைப் பெருந்தன்மை என்று அப்போது எண்ணிக்கொண்டேன். நிவாரணத் தொகையில் எனக்கும் குத்தகை இழப்பு உண்டல்லவா என்று ஒரு நியாயத்தைக் கற்பித்துக்கொண்டு, 8,000 ரூபாயை எடுத்துச் சென்று அண்ணனிடம் கொடுத்தேன். இரு கைகளாலும் வாங்கினார். எண்ணிப் பார்க்கவில்லை. அப்படியே மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நல்லா இருக்கணும் தம்பி. ராவுத்தரு மனசு அப்படியே ஒங்களுக்கு" என்றார்.

பேருந்தில் திரும்பி வரும்போது அந்த வாழ்த்து என்னைச் சுட்டது. அவருடைய பணத்தில் ஒரு பகுதியை அவரிடமே கொடுத்து, அதற்கு நன்றியும் பெற்றுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அதன்பின் மேலும் ஒரு செய்தி வந்தது. எங்கள் வருவாய்க் கிராமத்திற்குக் காப்பீட்டுத் தொகை கிடைத்தது. அடுத்த வயற்காரர் சொந்த நிலத்தில் பயிரிடுபவர், அவர் பெற்றார். ஒரே வாய்க்கால், ஒரே வெயில், இரண்டு வயலுக்கும் இடையே ஒரு வரப்பு. அண்ணனுக்கு ஒன்றுமில்லை.

திட்டங்கள் செல்லும் வழி

இது என் ஒருவன் பிழை என்று சொல்லி முடித்துவிட்டால், பிழையின் ஒரு பாதியைத்தான் சொன்னதாகும். மறுபாதி, உதவிகள் செல்வதற்கு அமைந்துள்ள வழியில் இருக்கிறது.

கூட்டுறவுப் பயிர்க்கடனை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2006, 2016, 2021 ஆகிய மூன்று ஆண்டுகளில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. 2021இல் அறிவிக்கப்பட்ட தொகை 12,110 கோடி ரூபாய். கடன் பெற்றவர்க்குத்தான் தள்ளுபடி. சிட்டாவும் அடங்கலும் இல்லாதவர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெறுவது அரிது. அண்ணனின் கடன் மனைவியின் தோட்டிலும், உரக்கடைக்காரரின் குறிப்பேட்டிலும் இருந்தது. அடகுக் கடையில் தள்ளுபடி ஏது?

பிரதமர் உழவர் உதவித்தொகைத் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கப்பெற்றது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக நேரே வங்கிக்கு வரும். வருமான வரி செலுத்துவோர்க்கு இல்லை என்பது விதி. ஆகவே எனக்கு இல்லை. அது சரியே. நிலப் பதிவேட்டில் நிலவுடைமையாளராகப் பெயர் இல்லாதவர்க்கும் இல்லை. ஆகவே அண்ணனுக்கும் இல்லை. மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. ஆண்டுதோறும் நெல் விளைகிறது. ஆனால் அங்கே உழவர் என்று ஒருவருமே இல்லை என்பது இதன் முடிவு.

குறுவைத் தொகுப்புத் திட்டம் நல்ல திட்டம். 2021இல் ஓர் ஏக்கருக்கு யூரியா 90 கிலோ, டி.ஏ.பி. 50 கிலோ, பொட்டாஷ் 25 கிலோ என முழு மானியத்தில் அளித்தார்கள். அடுத்த ஆண்டு மே 24ஆம் நாளே மேட்டூர் அணையும் திறந்தது. தண்ணீரும் உரமும் உரிய காலத்தில் வந்தால் காவிரிப் படுகை உழவர் எவ்வளவு விளைவிப்பர் என்பதற்கு அவ்வாண்டுகள் சான்று. ஆனால் அங்கும் உர மூட்டைக்கு முன்னே அடங்கல் சென்றாக வேண்டும்.

நெல் கொள்முதலும் அவ்வாறே. 2024-25 பருவத்தில் மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துச் சன்ன ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,450 ரூபாய் விலை. பணம் வங்கிக் கணக்கிற்கே வருகிறது; இடைத்தரகரைத் தவிர்க்க அது நல்ல வழிதான். ஆனால் ஆவணத்தில் பெயர் இல்லாதவர், நிலவுடைமையாளரின் பெயரில் நெல்லைப் போட்டுவிட்டு அவர் எப்போது பணம் எடுத்துத் தருவார் என்று காத்திருக்க வேண்டும். அல்லது களத்திலேயே வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டும். பல ஆண்டுகள் அண்ணன் இரண்டாவதைத்தான் செய்துவந்தார். என்னிடம் வந்து பணத்திற்கு நிற்க அவருக்குக் கூச்சம்.

இவற்றுள் எதையும் தீய திட்டம் என்று நான் கூறவில்லை. அரசின் கையிலிருந்து புறப்படும் உதவி பயிரை நாடிப் புறப்பட்டு, பட்டாவில் வந்து நின்றுவிடுகிறது என்பதே என் முறையீடு.

சட்டமும் அச்சமும்

குத்தகைச் சாகுபடியாளருக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1952இல் தஞ்சைக்கெனவே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1956இல் நியாயக் குத்தகைச் சட்டமும் வந்தன. தம் உடலுழைப்பாலோ குடும்பத்தார் உழைப்பாலோ பயிரிடுபவரை, உரிய காரணம் காட்டி வருவாய் நீதிமன்றத்தின் வழியே அன்றி வெளியேற்ற இயலாது. 1969இல் குத்தகை உரிமைப் பதிவேட்டிற்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. குத்தகைதாரரோ நிலவுடைமையாளரோ மனுச் செய்தால் விசாரித்துப் பெயரைப் பதிய வேண்டும் என்பது அதன் ஏற்பாடு.

இவை போராடிப் பெற்ற உரிமைகள். ஆனால் பாதுகாப்பு வலிமை பெறப்பெற, உடையவர்களின் அச்சமும் வலிமை பெற்றது. எழுத்தில் வந்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று கருதி, குத்தகையை வாய்ச்சொல்லிலேயே நிறுத்திக்கொண்டனர். சிலர் ஆண்டுக்கு ஓர் ஆளை மாற்றினர். பெரிய மிராசுதார் செய்ததை ஒன்பது மா வைத்திருந்த நாங்களும் செய்தோம். சட்டம் புத்தகத்தில் இருந்தது. அண்ணன் அதற்கு வெளியே இருந்தார்.

பிற மாநிலங்கள் இதற்கு வழி தேடியிருக்கின்றன. மேற்கு வங்கத்தில் 1978இல் தொடங்கிய பர்கா இயக்கத்தில் அதிகாரிகளே ஊர்களுக்குச் சென்று முகாமிட்டு, சுமார் 14 லட்சம் பங்குச் சாகுபடியாளர்களின் பெயர்களைப் பதிந்தார்கள். ஆந்திரப் பிரதேசம் 2011இல் மற்றொரு வழியைக் கண்டது. நிலத்தில் எவ்வுரிமையும் கோராத வகையில், பயிரிடுபவருக்குக் கடனும் காப்பீடும் நிவாரணமும் பெற ஓராண்டிற்கு அடையாள அட்டை அளிப்பது என்று சட்டம் செய்தது. 2019இல் அதற்கு மாற்றாக வந்த சட்டத்தில், பதினொரு மாத ஒப்பந்தத்தில் நிலவுடைமையாளரும் கையெழுத்திட வேண்டும் என்று அமைந்தது. அங்கும் பலர் கையெழுத்திடத் தயங்குகின்றனர் என்று படித்தபோது எனக்கு வியப்பு எழவில்லை. அந்தத் தயக்கத்தை நான் நன்கு அறிவேன்.

நிலத்தின் உரிமை வேறு, பயிரின் உரிமை வேறு என்பதை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். மேல்வாரம் என்றும் குடிவாரம் என்றும் இரு சொற்கள் நம்மிடம் இருந்தன. விளைச்சலில் உடையவர்க்கும் அரசுக்கும் சேரும் பங்கு ஒன்று. பயிரிட்ட குடிக்குச் சேரும் பங்கு மற்றொன்று. குடிவாரம் என்ற சொல் வழக்கொழிந்தபோது அதன் பின்னிருந்த எண்ணமும் நம் கணக்குகளிலிருந்து நழுவிவிட்டதோ என்று ஐயுறுகிறேன்.

அமானிதம்

ஊர்க் கணக்குகளின் வழியே வந்த அறபுச் சொற்களை மேலே குறித்தேன். எங்கள் வீட்டின் வழியே வந்த அறபுச் சொல் ஒன்றும் உண்டு. அது அமானிதம். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் என்பது அதன் கருத்து. அத்தா கடை நடத்தியவர். வாடிக்கையாளர் மறந்து விட்டுச் சென்ற குடையைக்கூட ஆண்டுக்கணக்கில் ஆணியில் மாட்டி வைத்திருப்பார். கேட்டால், "அமானிதம்ப்பா, நம்மளது இல்ல" என்பார். அப்படிப்பட்டவருடைய மகனின் வங்கிக் கணக்கில் பிறர் பொருள் 8,395 ரூபாய் ஓராண்டிற்கும் மேலாகக் கிடந்தது.

திருக்குறளின் 104ஆம் அதிகாரமாகிய உழவை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். உரியவன் சென்று பாராத நிலத்தைப் பற்றி அதில் ஒரு குறள் உண்டு. அதற்குப் பொருள் சொல்லும்போது, முன்பெல்லாம் சற்றே நகைச்சுவை கலந்து சொல்வேன். 2018இல் அதைச் சொல்ல வந்தபோது நா எழவில்லை. பாடத்தை மறுநாளைக்கு ஒத்திவைத்தேன்.

அந்த மாதமே ஊர் சென்றேன். குத்தகைப் பதிவிற்கு அண்ணனை மனுச் செய்யச் சொல்லி, எனக்கு மறுப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அது ஒரு நாளில் முடியவில்லை. மனு, விசாரணை, மீண்டும் ஒரு விசாரணை என்று மூன்று முறை விடுப்பு எடுத்து வட்டாட்சியர் அலுவலகம் சென்றேன். "உடையவரே வந்து பதியச் சொல்றீங்களே, வேற ஏதும் பிரச்சினையா?" என்று அங்கிருந்த எழுத்தர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். சிறிய தந்தையார் நெடுநாள் என்னுடன் பேசவில்லை. அந்த நிலத்தின் விலை இன்று குறைந்திருக்கிறது என்பதும் உண்மை. மகளின் படிப்பிற்கு வங்கியில் கடன் பெற்றேன், இன்றும் அடைத்துவருகிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரியானதைச் செய்வதற்கு ஒரு விலை இருக்கிறது என்பதையும், அந்த விலையை இத்தனை காலம் அண்ணன் மட்டும் கொடுத்துவந்தார் என்பதையும் சொல்லவே குறிப்பிடுகிறேன்.

1428ஆம் பசலி அடங்கலில் அண்ணனின் பெயர் ஏறிற்று. அதன்பின் அவர் செய்த முதல் வேலை என்னை வியக்க வைத்தது. அடுத்த கோடையில் ஏக்கருக்கு 20 கிலோ வீதம் தக்கைப்பூண்டு விதைத்து, நாற்பத்தைந்தாம் நாள் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதார். மேட்டுப் பகுதியைச் சமன் செய்தார். வடபுற வரப்பை உயர்த்திக் கட்டினார். ஒரு பகுதியில் செம்மை நெல் சாகுபடியும் செய்து பார்த்தார். பதினான்கு நாள் இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக இடைவெளிவிட்டு நடும் முறை அது. ஏக்கருக்கு 30 கிலோ விதை கொட்டிய இடத்தில் இரண்டு மூன்று கிலோ விதையே போதும். வேளாண் துறையினர் இவற்றையெல்லாம் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர்கள்தாம்.

"முன்னாடியே செஞ்சிருக்கலாமே அண்ணே?" என்று கேட்டேன்.

"அடுத்த வருசம் நம்ம கையில இருக்குமான்னு தெரியாத வயலுக்குப் பசுந்தாளா போடுவாங்க தம்பி?" என்றார்.

சிறந்த சாகுபடி முறைகள் ஏன் ஊர்களில் பரவவில்லை என்று கருத்தரங்குகளில் எத்தனையோ உரைகள் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமான விடையை நான் கேட்டதில்லை. தழையுரம் இன்று போட்டால் மண்ணின் பயன் வரும் ஆண்டுகளில் கிட்டும். வரும் ஆண்டுகள் தமக்கு உண்டு என்ற உறுதி இல்லாதவர், இந்தப் போகத்திற்கு யூரியா வாங்கித் தூவிவிட்டு நகர்வதுதான் இயல்பு. மண்வளத்திற்கும் குத்தகைத் தாளுக்கும் இடையே இத்தகைய தொடர்பு இருப்பதை நான் எந்நூலிலும் தேடியதில்லை, அவரிடம் கற்றேன்.

நிறைவாக

இம்மலரைப் படிக்கும் மாணவர்களுள் பாதிப்பேர் ஊர்ப்புறங்களிலிருந்து வருபவர்கள். உங்களுள் சிலர் வீட்டில் சிட்டா இருக்கும். வயலில் இறங்குபவர் வேறொருவராக இருப்பார். வேறு சிலர் வீட்டில் வயலில் இறங்கும் கால்கள் இருக்கும். தாள் ஒன்றும் இராது. இரு சாராரும் ஒரே வகுப்பில் அருகருகே அமர்ந்து உழவு அதிகாரத்தைப் படிக்கிறீர்கள். இந்த விடுமுறையில் வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: நம் வயலின் அடங்கலில் யார் பெயர் இருக்கிறது? அப்பெயர் உழுபவர் பெயராக இல்லையெனில், ஏன் என்றும் கேளுங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நிலவுடைமையாளர் கையெழுத்தை எதிர்பார்த்து நிற்காமல், பயிர்க் கணக்கெடுக்க வருவோர் வரப்பில் நின்று பார்த்து, பயிரிடுபவர் பெயரையும் அவ்விடத்திலேயே பதிய வேண்டும். நிலவுரிமையைத் தொடாமல் பயிருக்கு உரிய உதவியை மட்டும் பயிரிடுபவருக்கு அளிக்கும் முறை நமக்கும் வேண்டும். அப்போது என்னைப் போன்றோரின் அச்சமும் நீங்கும். அண்ணனைப் போன்றோர் ஒரு கையெழுத்திற்காகப் பிறர் வீட்டு வாயிலில் காத்திருக்கவும் நேராது.

பதிவு உத்தரவு கைக்கு வந்த அன்று, எஞ்சிய 8,395 ரூபாயை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டிற்குச் சென்றேன்.

"இது எதுக்குத் தம்பி?" என்றார்.

"வறட்சி நிவாரணத்துல பாக்கி அண்ணே. ஒங்களோடது. அன்னைக்கே முழுசாக் குடுத்திருக்கணும்."

சற்று நேரம் என்னையே பார்த்தார். வாழ்த்து எதுவும் சொல்லவில்லை. திண்ணையில் அமர்ந்து, விரலை ஈரப்படுத்திக்கொண்டு, ஒவ்வொரு தாளாக எண்ணினார். முழுவதும் எண்ணி முடித்தபின், "சரியா இருக்கு தம்பி" என்றார்.